இலவசமாக வந்த வாசற்படி

2022 செப்டம்பர் 7, புதன்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். முதல் நாள் இரவு பெய்த மழையில் மண் இன்னும் காயவில்லை. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். நீடாமங்கலத்தில் கமலவேணி டீச்சர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. வண்டியில் ஈரச்சாக்கு சுற்றிய தேக்கு நிலை. தலைவாசல் நிலை வைக்க ஒன்பது ஐம்பதுக்கு முகூர்த்தம். சாக்கைப் பிரித்ததும் என் கண் நேராக நிலையின் அடிப்பக்கம் போனது. அங்கே வரவே கூடாத ஒன்று வந்திருந்தது. ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு வாசற்படி.

அதைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. தஞ்சாவூரில் இளம் பொறியாளர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். வீடு கட்டுவதில் மறுவேலைக்கு ஆகும் செலவு என்பது அன்றைய பேச்சு. எனக்கு முன்னால் பேசியவர் கம்ப்யூட்டரில் ஒரு வீட்டைத் திறந்து, அறை அறையாக நடந்து, குழாயும் பீமும் மோதுகிற இடங்களைச் சிவப்பாகக் காட்டினார். இனிமேல் கட்டியதை இடிக்கிற வேலையே வராது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு வலி முழங்காலில்தான், கையில் இல்லை. பிறகு கேட்டேன்:

"தம்பி, மஞ்சள் பூசின இடத்தை இது காட்டுமா?"

அவர் சிரித்துவிட்டு, "அதை நீங்க எழுதிக் குடுங்க சார்" என்றார். இதோ.

நான் டிப்ளமா படித்தது திருச்சியில். மூன்று வருஷம் படித்ததை முதல் மூன்று மாதத்தில் ஒரு கொத்தனார் மறக்கடித்தார். செங்கல்லை எவ்வளவு நேரம் நனைப்பது, மணலில் மண் எவ்வளவு என்று தண்ணீர் பாட்டிலில் குலுக்கிப் பார்ப்பது, நூல் தொய்ந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பது என்று ஏழெட்டு வருஷம் அங்கும் இங்குமாக ஓடியது. அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் ஒரே ஆளிடம் வேலை. வீடு கட்டிக்கொடுக்கும் காண்டிராக்டர் சபாபதி சார்.

சபாபதி சாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் சைட்டுக்கு வந்தால் காரை விட்டு இறங்கமாட்டார். கண்ணாடியைப் பாதி இறக்குவார். அந்தப் பாதி வழியாக எவ்வளவு வீடு தெரிகிறதோ அவ்வளவுதான் மேற்பார்வை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு டேப் இருக்கும். பேசும்போது அதை இரண்டு அடி இழுத்து, சட்டென்று விடுவார். அது உள்ளே ஓடிச் சுருள்கிற சத்தம்தான் அவருடைய தீர்ப்பு. அந்த டேப்பை வைத்து அவர் எதையாவது அளந்ததை முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அளந்தது அவருடைய புது சோபாவை.

'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வராது. சுவர் ஓரம் சாய்ந்திருந்தால் அது 'சின்ன வித்தியாசம்'. கதவு மூடவில்லை என்றால் 'கொஞ்சம் டைட்'. எதற்கும் மருந்து ஒன்றுதான்: "அட்ஜஸ்ட் பண்ணிடலாம், வைத்தி." நான் வைத்தியநாதன். மரியாதையும் சம்பளமும் சேர்ந்து குறைந்த இடம் அது.

அட்ஜஸ்ட் பண்ணினால் ஆகும் செலவு எஸ்டிமேட்டில் எந்த வரியிலும் இருக்காது. மணலுக்கு வரி உண்டு, கம்பிக்கு உண்டு, முகூர்த்தத் தேங்காய்க்குக்கூட எங்கள் எஸ்டிமேட்டில் ஒரு வரி உண்டு. இடித்ததற்கு மட்டும் கிடையாது. பில்லில் அது 'கூடுதல் வேலை' என்று ஏறும். வீட்டுக்காரர் ஏதோ கூடுதலாகக் கிடைத்தது என்று நினைத்துக் கொடுத்துவிடுவார். ஒரு சுவரை இடித்துக் கட்டினால் நாலு செலவு. முதலில் கட்டிய செலவு, இடித்த கூலி, இடிசலை அள்ளிக் கொட்டிய வண்டி வாடகை, மறுபடி கட்டிய செலவு. எல்லாரும் நாலாவதை மட்டும்தான் எண்ணுகிறார்கள். நான் நாலையும் எண்ணுவேன். அதனால்தான் என்னைக் கலியாண வீடுகளில்கூடத் தனியாக உட்கார வைக்கிறார்கள்.

ஒரு சின்ன உதாரணம். திருத்துறைப்பூண்டியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் பாய் துபாயில் இருந்தார். இங்கே அவருடைய மச்சான், தினமும் போனில் தன் முகமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புவார். மாடிப்படி கட்டி முடித்த அன்று பாயின் குரல் வந்தது. "இன்ஜினியர் சார், படி வலது கைப் பக்கம் வரணும்னுதானே சொன்னேன்? இடது பக்கம் கட்டி வச்சிருக்கீங்களே."

வலது பக்கம்தான் கட்டியிருந்தோம். நான் படிக்குப் பக்கத்தில் நின்று வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன், சந்தேகம் வந்துவிட்டது. சாரிடம் சொன்னேன். டேப் சட்டென்று உள்ளே போனது. "பணம் குடுக்கிறவர் இடதுன்னா இடது, வைத்தி. இடிச்சிட்டு மாத்திக் கட்டு."

மாற்றிக் கட்டினோம். அடுத்த வாரம் பாயின் மனைவி சாதாரணமாக ஒரு படம் எடுத்து அனுப்பினார். "இப்பவும் இடது பக்கம்தானே இருக்கு?" என்று பாய் கேட்டார். குரலில் அழுகை. பிறகுதான் பழைய படத்தை எடுத்துப் பார்த்தோம். மச்சானின் தோளுக்குப் பின்னால் தெரிந்த மருந்துக்கடைப் பலகையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியிருந்தது. மச்சானின் முகம் அழகாக விழ வேண்டும் என்று போன் செய்த உதவி. மூன்றாவது முறை கட்டினோம். எண்பத்து மூவாயிரம் ரூபாய். மச்சான் முகம் அப்படியேதான் இருக்கிறது.

சிரிக்கிற விஷயம் இது. நீடாமங்கலத்தில் நடந்தது வேறு மாதிரி.

கமலவேணி டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் ராமலிங்கம், அரிசி ஆலையில் மேலாளர். ஒருநாள் ஆலையிலிருந்து பைக்கில் திரும்பும்போது, அறுவடை இயந்திரம் ஏற்றி வந்த லாரி மோதியது. உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கை இரண்டும் நல்ல பலம், வாய் அதைவிட. வாடகை வீட்டில் வாசலுக்கு மூன்று படி. வெளியே போக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு தூக்குகிறவர்களுக்கு வேலை வந்துவிட்டது, இவர் போவதும் நின்றுவிட்டது.

டீச்சர் எங்களிடம் வந்த அன்று பிளான், மாடல் எதையும் பார்க்கவில்லை. "எனக்கு மாடி வேணாம், பால்கனி வேணாம். இவர் யாரையும் கூப்பிடாம ஹாலிலேருந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டு வரணும். அதுக்கு ஒரு வீடு கட்டிக் குடுங்க" என்றார்.

ராமலிங்கம் நாற்காலியில் இருந்தபடி சொன்னார்: "அந்தக் கடையில டீ நல்லாவும் இருக்காது சார். ஆனா நானே போய்க் குடிச்சிட்டு நானே திட்டணும்."

என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு வீட்டை யாரும் கேட்டதில்லை. தெருவைவிட இரண்டரை அடி உயரத்தில் தளம், ஏனென்றால் மழைக்காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும். கேட்டிலிருந்து முன்வராந்தா வரை முப்பது அடி நீளத்துக்குச் சாய்தளம், அடிக்கு ஒரு அங்குலம் ஏற்றம். கதவெல்லாம் மூன்றரை அடி அகலம். ஹாலுக்கும் வராந்தாவுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம். தலைவாசல் நிலைக்குக் கீழ்ப்படி கிடையாது. அதைச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, தங்கராசு ஆசாரி கையில் நானே கொடுத்தேன்.

அந்த ஆசாரிதான் அன்று காலை வண்டியிலிருந்து இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"ஆசாரி, படி கிடையாதுன்னு எழுதியிருந்தேனே."

"ஆமா சார், பாத்தேன். வரையறப்ப விட்டுட்டாங்கபோலன்னு நானே சேத்துட்டேன். தலைவாசலுக்குப் படி இல்லேன்னா லட்சுமி எங்க நிப்பா? படி மரத்துக்குக் காசு வேணாம் சார், என் பங்கா இருக்கட்டும்."

என் நாற்பது வருஷத்தில் சைட்டுக்கு இலவசமாக வந்த ஒரே மரம் அது. அறுத்தெடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அரை மணி நேரம் என்றார். முகூர்த்தத்துக்குள் அரை மணி நேரம் தாராளமாக இருந்தது. அதற்குள் டீச்சர் தட்டோடு வந்துவிட்டார். நிலையை இறக்கிச் சாய்த்த மாத்திரத்தில் முதலில் படிக்குத்தான் மஞ்சள் பூசினார். மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

நான் தள்ளிப் போய் சபாபதி சாருக்குப் போன் போட்டேன்.

"முகூர்த்தம் முக்கியமா, அஞ்சு அங்குலம் முக்கியமா, வைத்தி? வை. தரை போடறப்ப அட்ஜஸ்ட் பண்ணிடலாம்." போனில்கூட அந்த டேப் சத்தம் கேட்டது.

டீச்சரிடமும் சொல்லிப் பார்த்தேன். "டீச்சர், இது நாற்காலிக்கு இடிக்கும். இப்பவே எடுத்துடலாம்." அவர் தட்டை ஆசாரி கையில் கொடுத்தார். என்னை ஓரமாகக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னார். விபத்துக்கு அப்புறம் விற்றுவிட்ட அவர்களுடைய சொந்த வீட்டில் வாசற்படியைக் கரையான் அரித்துவிட்டது. ரம்பம் போட்டு அறுத்தெடுத்து வேறு வைத்தார்கள். அது நடந்து ஐம்பது நாளுக்குள் லாரி மோதியது. "பூஜை பண்ணின படியில இன்னொரு தடவை ரம்பம் வைக்க என்னால முடியாது சார். வேற வழி பாருங்க."

கணக்கு டீச்சர். இரண்டையும் கூட்டி ஒரு விடை வைத்திருந்தார். லாரி டிரைவர் தூங்கியது அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை, ஆசாரியை நிலையைத் தூக்கச் சொன்னேன். நிலை வைக்கும் முறை ஒன்று விடாமல் நடந்தது. அடியில் நவதானியம், ஒரு ரூபாய் நாணயம், பொட்டு அளவு தங்கம். தூக்குக்குண்டு விட்டு இருபுறமும் நேர் பார்த்து, முட்டுக் கொடுத்து, பூ சாத்தினோம். நேர் பார்த்த வரை அந்த நிலை அப்பழுக்கில்லாத நிலை.

அடுத்த மார்ச் மாதம் தரைக்குக் கான்கிரீட் போட்டோம். ஹால் தரைக்கு மேல் படி மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. சார் வந்தார், கண்ணாடி இறங்கியது. "ரெண்டு பக்கமும் சிமெண்டால சின்ன மேடு கட்டிடு. சக்கரம் ஏறி இறங்கிடும்."

கட்டினோம். ராமலிங்கத்தைக் கூட்டி வந்தார்கள். வெளிப்பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் தள்ளினார். முன்சக்கரம் மேட்டில் ஏறிப் படியைத் தாண்டி ஹாலுக்குள் இறங்கியது. பின்சக்கரம் வெளியே மேட்டில் நின்றது. நடுவில் நாற்காலியின் அடிக்கம்பி படியில் போய் உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

"வைத்தி சார்" என்றார் ராமலிங்கம், "இப்ப நான் வீட்டுக்குள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா? போஸ்ட்மேன் வந்தா என்ன சொல்றது?"

நானும் ஆசாரியும் தூக்கி எடுத்தோம். தூக்க வேண்டாம் என்பதற்காகக் கட்டும் வீட்டில் முதல் தூக்கு. மேடு கட்டவும் உடைக்கவும் நாலாயிரத்து நூறு ரூபாய்.

அடுத்த யோசனை பெரியது. "படியைத் தொட முடியாது. சரி. மூணு அங்குலம்தானே, வீட்டையே தூக்கிடலாம்" என்றார் சார். அதாவது, உள்ளே முழுத் தரையையும் மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டு உயர்த்துவது, வெளியே வராந்தாவையும் அதே உயரத்துக்குக் கொண்டுவருவது.

ஒரு தரை உயர்ந்தால் வீட்டில் எல்லாம் குள்ளமாகிவிடும். இதைச் சாரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சமையல் மேடை முன்னமே கட்டியாகிவிட்டது. அது முழங்காலைத் தேடிக்கொண்டு போகும். குளியலறையை உயர்த்தாவிட்டால் அங்கே ஒரு பள்ளம் விழும், நாற்காலி போகாது. உயர்த்தினால் குழாயெல்லாம் தோண்டி மறுபடி போட வேண்டும். சாய்தளம் கேட்டிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை நீட்ட இடமில்லை. மேல்பக்கத்தை இடித்துச் செங்குத்தாக்க வேண்டும்.

"நீ ஏன் எல்லாத்தையும் பிரச்சினையாவே பாக்கறே?" என்றார்.

"வேற எப்படிப் பாக்கறது சார்?"

"வேலையாப் பாரு."

அவர் அப்படித்தான் பார்த்தார். உள்தரைக்கு இருபத்தொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பது. குளியலறைக் குழாய்க்குப் பதினேழாயிரத்து அறுநூறு. வராந்தாவுக்கு ஆறாயிரத்து நானூறு. சாய்தளத்துக்குப் பதினோராயிரத்து எண்ணூறு. சமையல் மேடையை உடைத்துக் கட்டப் பதினாலாயிரத்து ஐந்நூறு. எல்லாம் 'கூடுதல் வேலை'. டீச்சர் ஒவ்வொரு பில்லாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். சிமெண்ட் விலை ஏறுகிற காலம் என்று சார் சொல்லியிருந்தார். ஏறியதும் உண்மை, இந்த பில்லோடு அதற்குச் சம்பந்தம் இல்லை என்பதும் உண்மை.

ஆவணியில் டீச்சர் என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தார். குளியலறைச் சுவரில், அவர் பிடித்து நாற்காலியிலிருந்து மாறி உட்காரப் போட வேண்டிய ஸ்டீல் கைப்பிடிகளை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லி எழுதியிருந்தது. பணம் பத்தவில்லை. சக்கர நாற்காலிக்காரருக்காகக் கட்டும் வீட்டில், ஒரு கட்டைக்காக, அவர் பிடித்துக்கொள்ள வேண்டிய கைப்பிடி போய்விட்டது.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் கேட்டார்கள். குழம்பில் உப்பு என்றேன். அதற்கும் திட்டு விழுந்தது.

ஐப்பசி வந்தது. புது டைல்ஸ் ஒட்டி ஒரு வாரம். ஒருநாள் பிற்பகல் வடகிழக்கிலிருந்து சாரலாகத் தொடங்கி அடித்த மழை, வராந்தாவில் விழுந்து, படியென்று ஒரு தடை இல்லாமல், நேராக ஹாலுக்குள் நடந்து வந்தது. ஹால் தரையும் வராந்தாவும் படியின் மேல்மட்டமும் ஒரே சமம். தண்ணீருக்கு இதைவிட நல்ல சாய்தளம் யாரும் கட்டிக்கொடுத்ததில்லை. மறுநாள் டைல்ஸைத் தட்டிப் பார்த்தேன். பல இடங்களில் அடியில் பிடிப்பு விட்ட பொக்கைச் சத்தம். பெயர்த்து ஒட்ட எட்டாயிரத்து முந்நூறு.

அன்று காரை விட்டுச் சாரே இறங்கினார். தரை அவ்வளவு ஈரம், அவர் செருப்பு அவ்வளவு புதுசு. டீச்சர் ஹாலில் நின்றார். ராமலிங்கத்தை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள், நாற்காலியில் சாய்தளம் ஏறி வராந்தாவில் இருந்தார். தங்கராசு ஆசாரி ஊறிப்போன கதவை இழைக்க வந்திருந்தார்.

டேப் இரண்டு அடி வெளியே வந்தது. "வராந்தாவை மட்டும் மூணு அங்குலம் இறக்கிடலாம். தண்ணி உள்ள வராது."

"அப்ப படிக்கும் வராந்தாவுக்கும் மறுபடி மூணு அங்குலம் வரும் சார்" என்றேன். "கிளம்பின இடத்துக்கே வந்துட்டோம்."

"அதுக்கு ஒரு பலகை செஞ்சு வச்சிடலாம். அவர் போறப்ப போட்டுக்கலாம், மத்த நேரம் எடுத்து வச்சிடலாம்." டேப் சட்டென்று உள்ளே போனது.

ராமலிங்கம் நாற்காலியைச் சார் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார். "பலகையை யாரு போடுவா?"

சார் டேப்பைச் சட்டைப் பையில் போட்டார்.

"நான் டீக்கடைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் பலகை இருக்குமா? இல்ல, மழை வருதுன்னு அதையும் எடுத்து உள்ள வச்சிடுவீங்களா? அப்புறம் நான் வாசல்ல நின்னு 'யாராவது இருக்கீங்களா'ன்னு கூப்பிடணும். அதுக்கு வாடகை வீடே போதுமே டீச்சர்." மனைவியை அவர் எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அன்று அதில் கேலி இல்லை.

நான் டீச்சரைப் பார்த்துச் சொன்னேன். "டீச்சர், இந்தப் படிக்காக இதுவரைக்கும் தொண்ணூத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அதுக்கு மேல சாரோட பத்து சதவீதம். வீடு முடியாம இருக்கற ஏழு மாசத்துக்கு நீங்க கட்டின வாடகை நாப்பத்தஞ்சாயிரத்து ஐந்நூறு. எல்லாம் சேத்து ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரத்து அறுநூத்து நாப்பத்தஞ்சு. பலகை இன்னும் சேக்கலை."

"வைத்தி" என்றார் சார். மெதுவாகத்தான் சொன்னார்.

டீச்சர் என்னையே பார்த்தார். "கூடுதல் வேலைன்னு வந்ததெல்லாம்?"

"எல்லாம் இதுதான்."

"சமையல் மேடை?"

"இதுதான்."

"பாத்ரூம் குழாய்?"

"அதுவும் இதுதான் டீச்சர்."

அவர் திரும்பி அந்தப் படியைப் பார்த்தார். ஒரு வருஷமாகத் தினமும் வந்து கோலம் போட்ட இடம். மஞ்சள் தடத்தில் எறும்பு போய்க்கொண்டிருந்தது.

"படியை எடுத்துட்டா மழைத் தண்ணிக்கு என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டார். கேள்வி கேட்கிற குரல் அது, மறுக்கிற குரல் இல்லை.

"படி இருந்த பள்ளத்துலயே சின்ன வாய்க்கால் விட்டு, மேல இரும்புக் கம்பி மூடி போட்டுடலாம். தண்ணி அதுல விழுந்து பக்கவாட்டுல போயிடும். சக்கரம் மேல உருண்டுடும்."

"ஆசாரி, ரம்பம் இருக்கா?" என்றார் ராமலிங்கம்.

ஆசாரி தயங்கினார். "சார், நான் வச்ச படி. என் கையால அறுக்க மாட்டேன்."

"உங்க கை வேணாம், ரம்பம் மட்டும் குடுங்க. பூஜை பண்ணினது இவ, வச்சது நீங்க. எனக்கு இதுல ஒண்ணுமில்ல. போன தடவை ரெண்டு காலை எடுத்துக்கிச்சு. இந்தத் தடவை எடுத்துக்கறதுக்கு என்ன வச்சிருக்கேன்?"

நாற்காலியை நாங்கள் பிடித்துக்கொள்ள, அவரே கையை ஊன்றி வராந்தாவில் இறங்கி உட்கார்ந்தார். ஆசாரி ரம்பத்தை அவர் பக்கத்தில் தரையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. டீச்சர் உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். கற்பூரத்தோடு திரும்பி வந்தார். படியின் மேல் ஏற்றி, அணைகிற வரை நின்றார். பிறகு முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நேரா அறுங்க. மரம் பிளந்துடப் போகுது" என்றார்.

மேலாளர் ஆவதற்கு முன்னால் அரிசி மூட்டை தூக்கிய தோள். இரண்டு பக்கமும் வெட்டு விழுந்தது. வியர்வை ரம்பத்தில் சொட்டியது. உளி வைத்து நெம்பியதும் படி தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்திலும் ஒன்றரை லட்சத்திலும் முடியாத வேலை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. அடியில் தங்கப் பொட்டைத் தேடினோம், சிமெண்டோடு போயிருந்தது. நாணயம் மட்டும் கிடைத்தது. ராமலிங்கம் அதை வேட்டியில் துடைத்து மனைவியிடம் நீட்டினார்.

"இந்த வீட்டுல மிச்சமானது இதுதான், டீச்சர். பத்திரமா வை."

டீச்சர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. சார் காரில் ஏறிவிட்டார். கண்ணாடி முழுவதும் மேலே போனது. அதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வாய்க்கால் வேலை ஒரு நாளில் முடிந்தது. தான் சொல்லாத வேலை, பில்லில் ஏறாது என்று சார் போனில் சொன்னார். மாதக் கடைசியில் என் கணக்கைத் தீர்த்து அனுப்பினார். எனக்கும் வயது அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது, நானும் திரும்பப் போகவில்லை. குளியலறைக் கைப்பிடிகள் இன்னும் போட்டபாடில்லை. டீச்சர் வருஷா வருஷம் போடுகிறேன் என்கிறார்.

கார்த்திகையில் பால் காய்ச்சினார்கள். போயிருந்தேன். கூட்டம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், ராமலிங்கம் யாரிடமும் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பினார். கம்பி மூடி மேல் சக்கரம் லேசாகக் கடகடத்தது. வராந்தா, சாய்தளம், கேட். மேல்பக்கத்துச் சரிவு செங்குத்து என்பதால் அங்கே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து இறங்கினார். டீச்சர் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. இலையில் சாம்பார் வழிந்ததை யாரோ சொன்னார்கள்.

நான் பின்னாலேயே போனேன், தள்ளுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. தெருமுனைக் கடையில் அவர் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சொன்னேனே சார், நல்லாவே இருக்காதுன்னு." ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். பிறகு சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். புதுச் சட்டை, பணம் இல்லை. கடைக்காரரிடம் என்னைக் காட்டினார்.

"இன்ஜினியர் சார் கணக்குல சேத்துக்கங்க. எல்லாத்தையும் எண்ணறவர்."

சேர்த்துக்கொண்டேன். கம்பி மூடி ஆயிரத்து நானூற்று ஐம்பது, குழாய் அறுநூற்று இருபது, சிமெண்டும் மணலும் எழுநூற்று எண்பது, கொத்தனாரும் ஆளும் ஆயிரத்து முந்நூறு. இந்த வாய்க்கால் செலவு என்று என் கடைசிச் சம்பளத்தில் சபாபதி சார் பிடித்தது நாலாயிரத்து நூற்று ஐம்பது. டீ பன்னிரண்டு. ஆக, அந்த வாசற்படியால் எனக்கு ஆன செலவு நாலாயிரத்து நூற்று அறுபத்திரண்டு ரூபாய்.